ஐந்து குண்டுகளின் சாட்சியம்

என் பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் பணப்பையில் ஒரு காகிதத் துண்டை வைத்திருக்கிறார். பேரப்பிள்ளைகளின் புகைப்படங்களுக்குப் பின்னால், நான்காக மடிக்கப்பட்டு, மடிப்புகளில் நைந்துபோன காகிதம். அதன் நடுவே மூன்று துளைகள், ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும். மேலே ஒரு கால் டாலர் நாணயத்தை வைத்தால் மூன்றும் மறைந்துவிடும். ஐம்பது கஜ தூரத்திலிருந்து அவர் சுட்டவை. ஓஹையோவின் இந்தத் தெருவுக்கு நாங்கள் குடிவந்த பிறகு குறைந்தது ஐந்து முறையாவது அதை எனக்குக் காட்டியிருப்பார். ஒவ்வொரு முறையும் நாணயத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, துளைகளின் மேல் வைத்து, என் முகத்தைப் பார்ப்பார். நானும் ஒவ்வொரு முறையும் வியந்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு இலையுதிர்காலத்தில் ஒருநாள் மாலை அவருடைய வண்டிக்கூடத்தின் கதவு திறந்திருந்தது. உள்ளே அவரும் அவருடைய பேத்தியும். அவளுக்குப் பன்னிரண்டு வயது. துப்பாக்கிச் சுடும் களத்திலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார்கள். அவள் தன் இலக்குக் காகிதங்களைச் சுருட்டிக் குப்பைத்தொட்டிக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். "எனக்கு இது வராது தாத்தா" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் அந்தக் குரலை அவ்வளவு கவனித்திருக்க மாட்டேன். ஒரு கணக்கை முடித்து அடியில் கோடு போடுகிறவரின் குரலில் அதைச் சொன்னாள்.

அவள் வீட்டுக்குள் போனபிறகு பெரியவர் அந்தக் காகிதங்களை எடுத்துப் பிரித்தார். துளைகள் ஒரு தேநீர்க் கோப்பையின் தட்டு அளவுக்குச் சிதறியிருந்தன. "இதே துப்பாக்கி. நான் சுட்டால் நாணயத்துக்குள் விழுகிறது. அவளுக்குக் கை நடுங்குகிறது" என்றார்.

எனக்குள் எங்கோ ஒரு கதவு திறந்துகொண்டது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

*

முதலில் அந்தத் துப்பாக்கி. அது ஏஆர்-15 வகையைச் சேர்ந்தது. அந்தப் பெயரை நான் கேள்விப்பட்டதெல்லாம் செய்திகளில்தான். 2012இல் சாண்டி ஹூக், 2022இல் யுவால்டி. பள்ளிக் குழந்தைகள். அந்த வடிவத்தை ஒரு மனிதர் தன் வண்டிக்கூடத்தில் எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்த முதல் நாள் நான் வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் வீடு மாறலாமா என்று கேட்டேன். மாறவில்லை. அந்தச் சங்கடம் இன்றும் எனக்குத் தீரவில்லை. அவருக்கும் எனக்கும் இதில் உடன்பாடு கிடையாது. அது எங்கள் இருவருக்கும் தெரியும். பனிக்காலத்தில் என் வீட்டு வாசல் பனியையும் சேர்த்துத் தள்ளிவிடுகிற மனிதரோடு எல்லாவற்றிலும் உடன்பாடு வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பதை நிறுத்திக்கொண்டேன்.

பேத்திக்காக அவர் அந்தத் துப்பாக்கியில் ஒரு மாற்றுப் பொருத்தியைப் போட்டிருந்தார். அந்த ரைபிளுக்கு உரியது 5.56 மில்லிமீட்டர் தோட்டா. ஏறக்குறைய 55 கிரெயின் எடையுள்ள, செம்புக் கவசம் போட்ட குண்டு, நொடிக்கு 3000 அடிக்கும் மேல் பாயும். அதன் சத்தமும் உதையும் விலையும் ஒரு சிறுமிக்கு ஏற்றவை அல்ல. பொருத்தியை மாட்டினால் அதே துப்பாக்கியில் .22 தோட்டாவைச் சுடலாம். இரண்டு ஊசிகளைத் தள்ளித் துப்பாக்கியைத் திறந்து, உள்ளிருக்கும் போல்ட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இன்னொன்றைச் செருகவேண்டும். அதன் முன்முனையில் பெரிய தோட்டாவின் வடிவத்திலேயே ஓர் எஃகுக் கூடு இருக்கும். கூட்டுக்குள் சிறிய தோட்டாவுக்கான அறை. தையல் இயந்திரத்தில் ஊசியை மாற்றுவது போன்ற வேலைதான். ஒரு நிமிடம் ஆகாது.

.22 தோட்டாவைப் பற்றி ஒரு வார்த்தை. இது 'ரிம்ஃபயர்' வகை. பெரிய தோட்டாக்களில் அடிப்புறத்தின் மையத்தில் தனியாக ஒரு வெடிமூடி இருக்கும். இதிலோ வெடிமருந்து தோட்டாவின் மடிந்த விளிம்புக்குள்ளேயே சுழற்றிப் பரப்பப்பட்டிருக்கும். துப்பாக்கியின் ஊசி விளிம்பை நசுக்கும்போது பற்றிக்கொள்ளும். 1845இல் பாரிஸில் ஃப்ளோபேர் என்ற துப்பாக்கித் தொழிலாளர் வீட்டுக் கூடத்துக்குள் சுட்டு விளையாடுவதற்கென்று செய்த சின்னஞ்சிறு தோட்டாவிலிருந்து கிளைத்த குடும்பம் இது. 1857இல் அமெரிக்காவில் ஸ்மித் அண்ட் வெஸன் அதை வளர்த்தெடுத்தார்கள். இன்று உலகெங்கும் சுடப்படும் .22 லாங் ரைபிள் 1887இல் வந்தது. குண்டு 40 கிரெயின், அதாவது ஏறக்குறைய 2.6 கிராம். பெரும்பாலும் மெழுகு பூசிய வெறும் ஈயம்.

பெரிய துப்பாக்கியைச் சிறிய தோட்டாவால் ஏமாற்றும் இந்த யுக்தி புதியதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பிரிட்டிஷ் ராணுவம் தன் ரைபிள் குழலுக்குள் மாரிஸ் குழாய் என்ற மெல்லிய உட்குழலைச் செருகிச் சிறிய தோட்டாக்களால் பயிற்சி செய்தது. பிறகு .303 லீ என்ஃபீல்டின் குழலைக் குடைந்து, அதற்குள் .22 குழாயைப் பதித்துப் பயிற்சித் துப்பாக்கிகளாக்கினார்கள். அமெரிக்க ராணுவமும் தன் எம்16க்கு எம்261 என்ற பொருத்தியை வைத்திருந்தது. எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றுதான். சிக்கனம். கற்றுக்கொள்பவனுக்கு எதற்கு விலையுயர்ந்த தோட்டா?

ஆனால் சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. துப்பாக்கிக் குழலின் உட்புறத்தில் திருகுபோல வரிப்பள்ளங்கள் ஓடும். குண்டைச் சுழலவைப்பது அவைதான். .22 குண்டுக்கு வழக்கமாக 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று. பெரியவரின் குழலில் 9 அங்குலத்துக்கு ஒரு சுற்று. தேவைக்கு மேல் சுழலும் குண்டில், அதன் எடையில் இருக்கும் மிகச்சிறிய கோணல்கூடப் பெரிதாக்கப்படும். அதோடு குண்டு கூட்டிலிருந்து கிளம்பிக் குழலின் பள்ளங்களைக் கவ்வுவதற்கு முன் ஒரு சின்னத் தாவல் தாவவேண்டும். நுழையும்போது சற்றுச் சாய்ந்து நுழைந்தால் வெளியேறும்போதும் அந்தச் சாய்வு இருக்கும். குழலின் அகலமும் .22 குண்டுக்கு ஒரு மயிரிழை அதிகம். இப்படி மூன்று நான்கு சிறு தவறுகளின் கூட்டணி அந்தப் பொருத்தி.

இதையெல்லாம் அந்த மாலையில் பெரியவரே எனக்கு விளக்கினார். அவர் நாற்பது ஆண்டுகள் அச்சுவார்ப்புக் கருவிகள் செய்த தொழிலாளி. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை விரல் நுனியால் உணரக்கூடியவர். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "ஆனாலும் என்னுடையது நன்றாகச் சுடுகிறது" என்று பணப்பையைத் தொட்டுக்கொண்டார்.

நான் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மூன்று மாதிரிகளைக் காட்டி ஓர் இயந்திரம் சரியாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் அந்த அறிக்கையை நான் திருப்பி அனுப்புவேன். அதைத்தான் அவரிடம் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "சரி, நீயே சோதித்துப் பார்" என்றார்.

*

திறந்துகொண்ட கதவைப் பற்றி இப்போது சொல்லவேண்டும்.

1986. தமிழ்நாட்டில் ஒரு சிறிய நகரத்தின் அரசு உயர்நிலைப்பள்ளி. நான் பத்தாம் வகுப்பு, என்சிசி. என் நண்பனும்தான். அவன் அப்பா மாவு மில்லில் வேலை பார்த்தார். தலைமுடியிலும் புருவத்திலும் எப்போதும் மாவு படிந்திருக்கும். அவனுக்கு ராணுவத்தில் சேரவேண்டும். வேறு யோசனையே கிடையாது. காக்கிச் சட்டையை இரவில் தலையணைக்கு அடியில் மடித்து வைத்துக்கொண்டு தூங்குவான், அதுவே அவனுக்கு இஸ்திரி. பெல்ட்டின் பித்தளையைச் சாம்பலால் தேய்த்து முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பாக்குவான்.

பத்து நாள் முகாம். மலையடிவாரத்தில் ஒரு பொட்டல், அதன் கோடியில் ஒரு மண்மேடு. தார்ப்பாய் விரித்துக் குப்புறப் படுத்து இருபத்தைந்து கஜத்தில் சுடவேண்டும். எங்கள் கைக்கு வந்தவை .303 லீ என்ஃபீல்டை .22 ஆக மாற்றிய கனத்த ரைபிள்கள். எங்களுக்கு முன் எத்தனை ஆயிரம் மாணவர்கள் அவற்றைச் சுட்டிருப்பார்களோ தெரியாது. அடிக்கட்டையில் பெயர்களைக் கீறிய தழும்புகள் இருந்தன. தோட்டாக்களை ஹவில்தார் எண்ணிக் கொடுப்பார், காலிக் கூடுகளை எண்ணி வாங்குவார். ஒரு கூடு குறைந்தால் புல்லை எல்லாம் தடவித் தேடவேண்டும்.

கடைசி நாள் போட்டிக்கு ஆள் தேர்வு. எங்கள் பள்ளியிலிருந்து இரண்டு இடங்கள். ஒன்று எங்கள் சீனியர் ஒருவருக்கு என்பது எல்லோருக்கும் தெரியும். மீதி ஒன்று. ஆளுக்கு ஐந்து குண்டுகள். குரூப்பிங் என்பார்கள். புள்ளிக் கணக்கல்ல, ஐந்து துளைகளும் எவ்வளவு நெருங்கி விழுகின்றன என்பதே கணக்கு. எனக்கு முதல் வரிசைத் தார்ப்பாய், அவனுக்கு மூன்றாவது. என்னுடைய ஐந்தும் ஓர் அங்குலத்துக்குள் விழுந்தன. அவனுடையவை உள்ளங்கை அகலத்துக்குச் சிதறின. ஐந்தாவது காகிதத்தின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு போயிருந்தது.

அவன் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "சார், துப்பாக்கி..." என்று ஆரம்பித்தான். ஹவில்தார் சிரித்தார். கெட்ட மனிதரில்லை. முகாமில் எங்களுக்குத் தன் சொந்தக் காசில் வாழைப்பழம் வாங்கித் தந்தவர். "துப்பாக்கி பொய் சொல்லாதுடா. உனக்குக் கை நடுங்குது" என்றார்.

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். எனக்கு ஒன்று தெரியும். முந்தைய நாள் மாலைப் பயிற்சியில் அந்த மூன்றாம் தார்ப்பாயின் ரைபிளை நான் சுட்டிருந்தேன். என்னுடையவையும் அப்படித்தான் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறின. அவமானத்தில் அந்தக் காகிதத்தை யாரிடமும் காட்டாமல் மடித்து டிரவுசர் பைக்குள் வைத்துக்கொண்டேன். அவனிடம்கூடச் சொல்லவில்லை. "சார், நேத்து எனக்கும் இதுல இப்படித்தான் போச்சு" என்று சொல்ல ஒரு மூச்சு நேரம் போதும். சொல்லியிருந்தால் அவனை வேறு துப்பாக்கியில் இன்னொரு முறை சுடவிட்டிருக்கலாம். என்னையும் மறுபடி சுடச் சொல்லியிருக்கலாம். இருந்தது ஓர் இடம்.

நான் போட்டிக்குப் போனேன். அங்கே எதுவும் சாதிக்கவில்லை. அவன் அந்த வருடமே என்சிசியை விட்டான். பிளஸ் டூவோடு படிப்பையும் விட்டான். ராணுவத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஒருமுறை அறிவிப்பு வந்தபோது நான் அவன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். "எனக்குக் கை நடுங்கும்டா" என்றான். கிண்டலாகத்தான் சொன்னான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

*

சோதனைக்கு இரண்டு சனிக்கிழமைகள் பிடித்தன. பெரியவர் உறுப்பினராக இருக்கும் களம், ஐம்பது கஜம். கான்கிரீட் மேசை, முன்னும் பின்னும் மணல் மூட்டைகள், துப்பாக்கியின் மேல் ஒரு தொலைநோக்கி. மனிதக் கையின் பங்கை முடிந்தவரை குறைப்பதற்கான ஏற்பாடு இது. காற்றை அறிய ஒரு குச்சியில் கட்டிய ரிப்பன்.

இரண்டு வகைத் தோட்டாக்கள். ஒன்று நொடிக்கு 1070 அடி வேகம், இன்னொன்று 1235 அடி. இந்த இரண்டுக்கும் இடையில் ஒலியின் வேகம் இருக்கிறது, ஏறக்குறைய 1125 அடி. வேகமான குண்டு ஒலியை முந்திக் கிளம்பி, வழியிலேயே வேகம் குறைந்து ஒலியின் எல்லையைக் கடக்கும்போது கொஞ்சம் தடுமாறும் என்பார்கள். ஆகவே மெதுவானதே துல்லியமானது என்பது பெரியவரின் நம்பிக்கை. ஒவ்வொரு வகையிலும் ஐந்தைந்தாக ஆறு முறை, மொத்தம் முப்பது குண்டுகள். வகையை மாற்றும்போது முதல் பத்துக் குண்டுகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. பழைய மெழுகு போய்ப் புதிய மெழுகு குழலில் படியவேண்டும். அந்த எஃகுக் கூடு ஒவ்வொரு முறையும் ஒரே திசையில் அமர்கிறதா என்று பார்க்கப் பெரியவர் அதன் தலையில் மையால் ஒரு கோடு கிழித்திருந்தார். கருவி செய்கிறவரின் புத்தி அது. எனக்குத் தோன்றியிருக்காது.

நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். அவரிடம் .22க்கென்றே பிறந்த பழைய போல்ட் ரைபிள் ஒன்று இருந்தது. அதையும் அதே மேசையில், அதே மெதுவான தோட்டாவால், அதே மனிதர் முப்பது முறை சுடவேண்டும். சிதறல் துப்பாக்கியுடையதா, சுடுபவருடையதா என்று பிரித்தறிய இதைவிட எளிய வழி கிடையாது. ஆளை அப்படியே வைத்துக்கொண்டு துப்பாக்கியை மாற்றுவது. இதற்குப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம். ஒரு ஹவில்தாருக்கும் தோன்றியிருக்கக்கூடியதுதான்.

சுட்டது பெரியவர். அளந்தது நான். தொலைவிலிருக்கும் இரு துளைகளின் மையத்திலிருந்து மையத்துக்கு, அங்குலத்தில். மாற்றுப் பொருத்தியில் மெதுவான தோட்டா: 1.9, 2.4, 1.3, 3.2, 1.7, 2.1. சராசரி 2.1. வேகமான தோட்டா: 2.6, 2.2, 3.5, 1.9, 2.9, 2.5. சராசரி 2.6. பழைய போல்ட் ரைபிள்: 0.6, 0.9, 0.5, 0.7, 0.9, 0.6. சராசரி 0.7.

கடைசி வரிசையைப் பார்த்துப் பெரியவர் முதலில் மகிழ்ந்தார். கை நடுங்கவில்லை என்பதற்கு அது சான்று. பிறகு அதன் பொருள் மெதுவாக அவருக்கு உறைத்தது.

இந்த எண்களில் இலக்கிய வாசகர்களுக்கு என்ன இருக்கிறது என்று தோன்றலாம். நான் முதல் வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே மனிதர், ஒரே துப்பாக்கி, ஒரே பெட்டியின் தோட்டாக்கள், ஒரே காலை. ஒருமுறை 1.3, அதற்கடுத்த முறை 3.2. நடுவில் எதுவும் மாறவில்லை. 1.3 விழுந்தபோது அவர் நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சைப் பற்றி எனக்கு ஒரு பாடம் எடுத்தார். 3.2 விழுந்தபோது காற்று வீசியது என்றார். ரிப்பன் அசையவில்லை. ஐந்து குண்டுகளின் சிதறல் அப்படித்தான் இருக்கும். காரணமே இல்லாமல் ஒரு மடங்கு இரண்டு மடங்காகும். இரண்டு வகைத் தோட்டாக்களுக்கும் இடையிலான அரை அங்குல வித்தியாசத்தைக்கூட உறுதியாகச் சொல்ல அறுபது குண்டுகள் போதவில்லை. மெதுவானது மேலானதாக இருக்கலாம், அவ்வளவுதான். உறுதியாகத் தெரிந்தது ஒன்றே. மாற்றுப் பொருத்தி, தனக்கென்று பிறந்த துப்பாக்கியைவிட மூன்று மடங்கு சிதறுகிறது.

அப்படியென்றால் பணப்பையில் இருக்கும் காகிதம்? ஊரில் மூன்று பேரைப் பிடித்து வரிசையில் நிறுத்தினால் நெட்டைக்கும் குட்டைக்கும் இடையே சிறிய வித்தியாசம்தான் இருக்கும். முப்பது பேரை நிறுத்தினால் வித்தியாசம் பெருகும். ஊர் மாறவில்லை, நாம் பார்த்தது கூடியிருக்கிறது. இதற்குக் கணக்கு இருக்கிறது. ஒரே துப்பாக்கி மூன்று குண்டில் சராசரியாக 2.4 அளவு சிதறினால், ஐந்தில் 3.1, பத்தில் 3.8 என்று போகும். வீட்டுக்கு வந்து, மெதுவான தோட்டாவின் முப்பது துளைகளின் இடங்களையும் கணினியில் ஏற்றி, அவற்றிலிருந்து குருட்டாம்போக்கில் மூன்று மூன்றாக எடுக்கச் சொன்னேன். நூறு முறைக்கு நான்கு முறை மூன்றும் நாணயத்துக்குள் அடங்கின. பெரியவர் அந்தப் பொருத்தியை வாங்கி நான்கு வருடங்கள். மூன்று மூன்றாக எத்தனை நூறு முறை சுட்டிருப்பார். பணப்பைக்குள் போனது ஒன்று. மற்றவை குப்பைத்தொட்டிக்கு.

பொய் சொல்கிறோம் என்று யாரும் நினைத்துச் செய்வதில்லை இது. நல்லதை 'என் தரம்' என்கிறோம், கெட்டதை 'அன்றைக்குக் காற்று' என்கிறோம். பிறர் விஷயத்தில் அதையே திருப்பிப் போடுகிறோம். பத்திரிகைக்கு வரும் ஒற்றைக் கதையை வைத்து ஒருவருக்கு எழுத வராது என்று முடிவு செய்த ஆசிரியர்களை நமக்குத் தெரியும். அப்படி ஓரிரு கதைகளை நானும் மூடி வைத்திருக்கிறேன். துரோணர் மரத்தில் பறவைப் பொம்மையை வைத்த கதையைச் சிறுவயதில் கேட்டபோது அர்ஜுனனின் கண்ணை வியந்தேன். இப்போது யோசித்தால், தருமனையும் மற்றவர்களையும் அவர் அம்பு எய்யவே விடவில்லை. கேள்வி கேட்டார், பதில் பிடிக்கவில்லை, விலகு என்றுவிட்டார்.

*

முடிவுகளை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். பெரியவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். பணப்பையை எடுத்து அந்தக் காகிதத்தைப் பிரித்து மேசைமேல் வைத்தார். இன்று நாணயத்தை எடுக்கவில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு, மறுபடி நான்காக மடித்துப் பணப்பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். "நான் சுட்டதுதானே" என்றார். எனக்கு அதில் மறுப்பில்லை.

பிறகு அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. முப்பது துளைகளையும் ஒன்றாகப் போட்டால் எவ்வளவு அகலம் என்று கேட்டார். மூன்றேகால் அங்குலம் என்றேன். வெள்ளைத் தாள்களை எடுத்து, கவராயத்தால் ஒவ்வொன்றிலும் அந்த அளவுக்கு ஒரு வட்டம் வரைந்தார். பேத்தியைக் கூப்பிட்டார். அவள் வாசலில் நின்றபடியே என்ன என்றாள்.

"இந்த வட்டத்துக்குள் எங்கே விழுந்தாலும் அது துப்பாக்கியின் வேலை. அதற்கு நீ பொறுப்பில்லை. வெளியே போவது மட்டும்தான் உன்னுடையது" என்றார். கொஞ்சம் தயங்கி, "நான் உன்னிடம் தப்பாகச் சொல்லிவிட்டேன்" என்றார். எழுபத்து மூன்று வயது மனிதர் பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் அதைச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நான் வண்டிக்கூடத்தின் சுவரில் மாட்டியிருந்த திருப்புளிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவள் அந்தத் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தாள். குப்பைத்தொட்டியிலிருந்து அவர் எடுத்துவைத்திருந்த தன் பழைய இலக்கைக் கேட்டு வாங்கி, வட்டத்தை அதன்மேல் வைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். இருபது துளைகளில் ஆறு மட்டும் வெளியே இருந்தன. "ஆறுதான்" என்றாள்.

அடுத்த வாரம் அந்தப் பழைய போல்ட் ரைபிளை அவள் சுட்டாள். அதற்குரிய வட்டம் சிறியது. அதிலும் ஏழெட்டு வெளியே போயின என்று கேள்விப்பட்டேன். அவை அவளுடையவை. அதைப் பற்றி அவளுக்கு வருத்தமிருந்ததாகத் தெரியவில்லை.

*

அன்றிரவு நான் அந்த 1986ஆம் ஆண்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். மூன்றாம் தார்ப்பாயில் நான் சுட்டவை ஐந்து, அவன் சுட்டவை ஐந்து. பத்துக் குண்டுகள். முதலாம் தார்ப்பாயில் நான் சுட்டவை ஐந்து. அந்த ரைபிள் கெட்டது என்று சொல்ல இது போதுமா? சந்தேகப்படப் போதும், தீர்ப்புச் சொல்லப் போதாது. முந்தைய நாள் எனக்கு மூச்சுப் பிடிக்கத் தெரியாமல் போயிருக்கலாம். அவனுக்கு உண்மையிலேயே கை நடுங்கியிருக்கலாம், அந்த ஓர் இடத்துக்கு அவ்வளவு ஆசைப்பட்டவன். என்னுடைய ஓர் அங்குலம்கூடப் பெரியவரின் பணப்பைக் காகிதத்தைப் போன்ற ஒன்றாக இருக்கலாம். இத்தனை ஆண்டுகளாக, துப்பாக்கி கெட்டது, எனக்கு அது தெரியும், நான் மறைத்துவிட்டேன் என்றே நினைத்துக் குற்றவுணர்வு கொண்டிருந்தேன். இப்போது பார்த்தால் எனக்கு ஒன்றும் தெரியாது. அது ஓர் ஆறுதலாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். ஆறுதலாக இல்லை. துப்பாக்கியைப் பற்றி ஐந்து குண்டுகள் எதையும் சொல்லவில்லை. என்னைப் பற்றிச் சொல்ல ஐந்தும் தேவைப்படவில்லை. வாய்திறக்காமல் நின்றது நான்தான், அதில் சிதறல் எதுவுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரவு அவனைத் தொலைபேசியில் அழைத்தேன். அங்கே திங்கள் காலை. அவன் அதே ஊரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். பின்னணியில் ஏதோ மோட்டார் ஓடும் சத்தம். மழை, கரண்ட், பிள்ளைகள் என்று வழக்கமான விஷயங்களைப் பேசிவிட்டு விஷயத்துக்கு வந்தேன். முந்தைய நாள் மாலை, மடித்து வைத்த காகிதம், பேசாமல் நின்றது எல்லாவற்றையும் சொன்னேன். இடையில் அவன் ஒன்றும் பேசவில்லை. மோட்டாரை நிறுத்தினான்.

"அந்தக் காகிதம் எனக்குத் தெரியும்டா" என்றான். "ராத்திரி உன் டிரவுசரைக் கொடியில காயப்போட்டது யாரு? பையில இருந்துச்சு. பார்த்தேன்."

எனக்கு நாக்கு எழவில்லை. "அப்ப ஏன்டா நீ சொல்லல?" என்றேன்.

"நீ சொல்லுவேன்னு பார்த்தேன்."

கொஞ்சநேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவனே, "சரி விடு. இப்ப ஏன் திடீர்னு?" என்றான். பெரியவரின் சோதனையைச் சொன்னேன். பொருத்தி, போல்ட் ரைபிள், வட்டம், எல்லாம். இயந்திரம் சம்பந்தப்பட்டது என்பதால் உற்சாகமாகக் கேட்டான். அந்த எஃகுக் கூடு கொஞ்சம் ஆடுகிறதா என்றுகூடக் கேட்டான். சரியான கேள்வி.

"அப்ப ஒருத்தனுக்குச் சுட வருமா வராதான்னு தெரிய எத்தனை குண்டு வேணும்?"

"முப்பதாவது வேணும்."

அவன் சிரித்தான். "முப்பதா? மொத்த முகாமுக்கும் எனக்குக் கொடுத்ததே பதினஞ்சு."

வாடிக்கையாளர் யாரோ வந்துவிட்டார். அவரிடம் "வாங்கண்ணே, அஞ்சு நிமிஷம்" என்பது கேட்டது. பிறகு என்னிடம், ஊருக்கு வரும்போது அந்த எண்கள் எழுதிய தாளைக் கொண்டுவரச் சொன்னான். பெரியவர் வரைந்த வட்டத்தையும். அவனுடைய மகள் இந்த வருடம் என்சிசியில் சேர்ந்திருக்கிறாளாம்.